மறுப்போர் ‘இல்லை’ என்க

எங்கள் சங்கம் கூட்டிய பாராளுமன்றத்துக்கு முதல் நாளே மூன்று பிரதமர்கள் கிடைத்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்குத்தான் ஆள் அகப்படவில்லை.

விஷயம் இதுதான். ஆஸ்திரேலியா என்று ஒரு நாடு உண்டானபோது அதன் முதல் பாராளுமன்றம் கூடியது எங்கள் மெல்பர்னில். 1901, மே ஒன்பது. அதற்கு நூற்றிருபத்தைந்து வயது ஆவதால், எங்கள் பகுதி கவுன்சில் ஒவ்வொரு சமூகத்துக்கும் இருபது நிமிட மேடை தருவதாகக் கடிதம் அனுப்பியது. வழக்கம்போல் பரதநாட்டியம் என்று எழுதி அனுப்பியிருந்தால் தலைவலி இல்லாமல் போயிருக்கும். என் கெட்ட நேரம், மேற்குத் திசைத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கடிதத்தைப் பிரித்தவள் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது. “நாமளே அந்தப் பாராளுமன்றத்தைக் கூட்டிக் காட்டினா என்ன?” என்று கமிட்டியில் கேட்டுவிட்டேன்.

கேள்வி முடிவதற்குள் தலைவர் செந்தில்நாதன் தொண்டையைச் செருமினார். “பிரதமர் ரோல் நான் பண்றேன்.”

செந்தில்நாதனுக்கு வீடு பொயிண்ட் குக்கில், மேனேஜர் உத்தியோகம் மல்கிரேவில். தினமும் ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கார் ஓட்டுகிறவர். அதனாலோ என்னவோ, உலகத்தில் எல்லோரும் தனக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு. பொருளாளர் பாலகிருஷ்ணன் விடவில்லை. கல்லூரி நாடகத்தில் ராஜா வேஷம் போட்ட அனுபவம் தனக்குத்தான் உண்டு என்றார். மளிகைக்கடை நித்தியானந்தன் அமைதியாக, “என்னட்ட மூண்டு துண்டு கோட் இருக்கு. கலியாணத்துக்குத் தைச்சது” என்றார். மற்ற இருவரும் ஒரு கணம் அசந்துவிட்டார்கள்.

“இந்த நாட்டுல பிரதமரை நடுவுல மாத்துறது ஒண்ணும் புதுசில்ல. ஆளுக்கு ஏழு நிமிஷம் இருங்களேன்” என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வாரச் சண்டைக்குப் பிறகு செந்தில்நாதனே பிரதமர் ஆனார். நித்தியானந்தன் கவர்னர் ஜெனரல். இறகு வைத்த தொப்பி உண்டு என்றதும் சமாதானமாகிவிட்டார். பாலகிருஷ்ணனுக்குக் கிடைத்தது வெறும் மந்திரி பதவி. அதை அவர் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அந்த முதல் பாராளுமன்றத்தில் ஒரு பெண்கூடக் கிடையாது. எங்கள் சங்கத்தில் ஒத்திகைக்கு நேரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள். ஆகவே ஒன்பது மீசைகளுக்கு ஆர்டர் கொடுத்தேன். சபாநாயகர் வேஷம் ரஞ்சினிக்கு. பகலில் அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவள் எங்கள் உறுப்பினர்களையும் சமாளிப்பாள் என்று நம்பினேன்.

இந்த நாடகத்தில் எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அதற்குப் பெயர் சிவமணி அண்ணன்.

நாலு வருடத்துக்கு முன் எங்கள் டார்னெய்ட் வீட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் அவர். வவுனியாக்காரர், இப்போது நாற்பத்தெட்டு வயது. அன்று காலையில் “இளநீலம் அடிங்கண்ணா” என்றேன். “ஓம் தங்கச்சி” என்றார்; ஓம் என்றால் அவர் தமிழில் ஆமாம். நான் மருந்துக்கடை வேலைக்குப் போன பிறகு என் கணவர் பிரதீப்குமார் வந்து, “நீலமெல்லாம் வேண்டாம், வெள்ளைதான்” என்றிருக்கிறார். அவருக்கும் “ஓம் தம்பி” என்றிருக்கிறார் இவர். மாலையில் வந்து பார்த்தால், சன்னல் உயரம் வரை நீலம், அதற்கு மேல் வெள்ளை, நடுவில் கத்தியால் வெட்டினதுபோல் ஒரு கோடு. ஆத்திரத்தில் கத்தப் போனேன். பிறகு பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் யார் டிசைனர் என்று கேட்கிறார்கள்.

சிவமணி அண்ணனுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. யார் என்ன கேட்டாலும் ஓம். அவர் வீட்டில் மூன்று வாக்குவம் கிளீனர் இருக்கிறது, கார்பெட் ஓர் அடிகூட இல்லை. வாசலில் வந்து நின்றவர்களின் பேச்சைக் கேட்டு ஒரே மாதத்தில் நான்கு முறை மின்சாரக் கம்பெனியை மாற்றியிருக்கிறார். பாலகிருஷ்ணன் வீட்டு வேலியை இரண்டு தடவை ஓசியில் அடித்துக் கொடுத்தார். இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நான், போன அக்டோபர் வரை.

2012இல் படகில் வந்தவர் அவர். அப்போது மகள் ராகவிக்கு ஒன்றரை வயது. மனைவி சிவகௌரியும் மகளும் வவுனியாவிலேயே இருக்கிறார்கள். அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தை நம்பி வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம் அவருக்கு. எத்தனை பேர் எடுத்துச் சொல்லியும் அது போகவில்லை. பிரஜாவுரிமை கிடைத்து, இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்த பிறகுதான் விமானம் ஏறுவேன் என்றிருந்தார். சென்னையில் மூவரும் சந்திப்பதாகத் திட்டம். மகள் ஒவ்வொரு பிறந்த நாளன்றும், “அடுத்த வருசம் வருவீங்களோ அப்பா?” என்று போனில் கேட்பாள். இவர் ஓம் என்பார். போன பிறந்த நாளுக்கு அவள் கேட்கவில்லை.

அந்தப் பிரஜாவுரிமைக்கான நேர்காணல் போன அக்டோபரில் வந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். அதிகாரி சின்னப் பெண், தன்மையானவள் என்று அவரே சொன்னார். விண்ணப்பத்தில் உள்ளதைச் சரிபார்க்க ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். வேறு பெயரில் இருந்திருக்கிறீர்களா? யெஸ். இந்த நாட்டில் சிறையில் இருந்திருக்கிறீர்களா? யெஸ். இல்லை என்று எழுதியிருக்கிறதே, அது தவறா? யெஸ்.

அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். கோப்பு மேல்விசாரணைக்குப் போய்விட்டது.

“ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“அந்தப் பிள்ளை கதைச்சுக்கொண்டிருக்கேக்க இடையில ஓம் ஓம் எண்டாத்தானே தங்கச்சி மரியாதை.”

“சரி, ஜெயில்ல இருந்தீங்களான்னு கேட்டதுக்கு?”

“பதினாலு மாசம் கிறிஸ்மஸ் தீவில இருந்தனான்தானே.”

“அது ஜெயில் இல்லண்ணா. படகுல வந்தவங்களை வச்சிருக்கிற முகாம்.”

“பூட்டு வெளிப்பக்கமாத்தானே இருந்தது” என்றார்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மே பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு மறுபடி நேர்காணல், அதோடு பரீட்சையும். நாடகம் மே ஒன்பது, சனிக்கிழமை. தேதிகள் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. எங்கள் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று ‘இல்லை’ என்று சொல்லும் ஒரே உறுப்பினர் சிவமணி அண்ணன். பத்து ஒத்திகையில் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிடும்.

எதை எதிர்ப்பது என்பதைக் கண்டுபிடித்தவள் என் மகள் வர்ஷா. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அம்மாவோடு தமிழில் பேசினால் வரி போடுவார்கள் என்பதுபோல் நடந்துகொள்வாள். லேப்டாப்பைத் திருப்பி என் முன் வைத்து, “மம், யூ ஆர் நாட் கோயிங் டு லைக் திஸ்” என்றாள்.

படித்தேன். அந்தப் பாராளுமன்றம் கூடிய முதல் வருடத்திலேயே போட்ட பெரிய சட்டங்களில் ஒன்று, நம்மைப் போன்றவர்களை உள்ளே விடாமல் இருப்பதற்கு. நிறத்தைச் சொல்லித் தடுத்தால் பார்க்க நன்றாயிருக்காது என்று ஒரு பரீட்சை வைத்தார்கள். வந்து இறங்குகிறவனிடம் அதிகாரி ஐம்பது சொல் சொல்வார், அவன் எழுத வேண்டும். ஐரோப்பிய மொழி எதில் வேண்டுமானாலும் சொல்லலாம். அவன் ஆங்கிலத்தில் எழுதிவிடுவான் போல் தெரிந்தால் ஸ்வீடிஷில் சொல்லலாம். எழுதாவிட்டால் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

செந்தில்நாதன் ஒப்புக்கொள்ளவில்லை. “மேடம், கவுன்சிலர் அம்மா முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. கூப்பிட்டு மேடை குடுத்திருக்காங்க. விருந்துக்குப் போன இடத்துல சோத்துல கல்லு பொறுக்கணுமா?”

“கல்லு இருந்தா பொறுக்கித்தான் சார் ஆகணும். பல்லு நம்ம பல்லு.”

கடைசியில் பேசி முடித்தோம். மசோதா இருக்கும், பிரதமர் அதை ஆதரித்துப் பேசுவார், ஒரே ஓர் உறுப்பினர் ஒரே ஒரு சொல்லால் எதிர்ப்பார், சட்டம் நிறைவேறும், கைதட்டல், நன்றியுரை. மொத்தம் நான்கு நிமிடம்.

ஒத்திகைகள் ஞாயிறு காலை பத்து மணிக்கு சமூக மண்டபத்தில். முதல் ஒத்திகையில் ரஞ்சினி மேசையைத் தட்டி, “ஏற்போர் ஆம் என்க!” என்றாள். எல்லோரும் ஆம் என்றார்கள். “மறுப்போர் இல்லை என்க!” என்றாள்.

“ஓம்” என்றார் சிவமணி அண்ணன்.

இரண்டாவது ஒத்திகை, ஓம். மூன்றாவது ஒத்திகையில் வாயை இல்லைக்குத் திறந்தார், வந்தது ஓம். பிரதமர் பேசும்போதும் சும்மா இருக்கவில்லை. செந்தில்நாதன் ஒவ்வொரு வாக்கியத்தை முடிக்கும்போதும் “ஓம் ஓம்” என்று தலையாட்டினார். எதிர்க்கட்சியிடமிருந்து இவ்வளவு ஆதரவு எந்த நாட்டுப் பிரதமருக்கும் கிடைத்திருக்காது. செந்தில்நாதனுக்கு அது பிடித்துவேறு போயிற்று.

நான் தனிப் பயிற்சி வைத்தேன். “இப்ப ரஞ்சினி டீ தருவா. நீங்க வேண்டாம்னு சொல்லணும்.” அன்று அவர் ஏழு டீ குடித்தார். எட்டாவது டீயோடு ரஞ்சினி வந்தபோது கண் கலங்கிவிட்டது, ஆனாலும் கையை நீட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னண்ணா நீங்க! ஒரு சொல்லு. உங்க பொண்ணைப் பாக்க வேண்டாமா?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “உங்களுக்கு விளங்காது தங்கச்சி. சென்றி பொயிண்டில ஆமிக்காரன் மறிச்சுக் கேட்டால், அவன் கேட்டு முடிக்க முதலே ஓம் எண்டோணும். என்ன கேட்டவன் எண்டது பிறகு. இல்லை எண்டு வாயைத் துறந்த ஆக்கள் கனபேர் வீட்ட திரும்பி வரேல்ல.”

மண்டபத்தில் எல்லோரும் மீசையோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் நான் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது. எட்டாவது டீயை நானே குடித்தேன்.

மே ஒன்பது வந்தது. கவுன்சில் மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பாராளுமன்றம் கூடிய அந்தப் பெரிய கட்டடத்தின் குவிமாடம் துணியில் எழும்பி நின்றது. வரைந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முடியுமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அவர் ஓம் என்றிருக்கிறார்.

இருபது நிமிடத்தில் முதல் பதினொரு நிமிடத்தை எங்கள் ஆட்கள் விழுங்கினார்கள். குத்துவிளக்கு ஏற்றாமல் எந்தப் பாராளுமன்றமும் தொடங்காது என்று பாலகிருஷ்ணன் பிடிவாதம். மண்டபத்தில் நெருப்புக்குத் தடை, ஆகவே பேட்டரி மெழுகுவர்த்தி ஐந்தை விளக்கில் வைத்தோம். அதில் ஒன்று எரியவில்லை, கவர்னர் ஜெனரல் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு பொன்னாடை. பிரதமர் கவர்னர் ஜெனரலுக்குப் போர்த்த, கவர்னர் ஜெனரல் சபாநாயகருக்குப் போர்த்த, சபாநாயகர் கவுன்சிலர் அம்மாவுக்குப் போர்த்தினார். 1901இல் இப்படி நடந்திருந்தால் அவர்களுக்குச் சட்டம் போட நேரமே இருந்திருக்காது, நாம் எல்லோரும் அப்போதே வந்திருக்கலாம்.

ஒரு வழியாக மசோதாவுக்கு வந்தார்கள். மேடையின் வலப்பக்கம் பதின்மூன்று நாற்காலிகளில் அரசாங்கம். இடப்பக்கம் ஒரே ஒரு நாற்காலி, அதில் சிவமணி அண்ணன். பாலகிருஷ்ணன் வீட்டு வேலியை, குவிமாடத்தை, என் ஹாலை அடித்த கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரை ஓரத்தில் நின்று கும்பிடாத சாமி இல்லை.

செந்தில்நாதன் எழுந்தார். எழுதிக் கொடுத்ததைச் சரியாகத்தான் தொடங்கினார். நம் புதிய நாட்டைக் காக்க வேண்டும் என்றார். “ஓம்” என்றது இடப்பக்கம், மைக்கில். சனம் சிரித்தது. ஐம்பது சொற்கள் எழுதத் தெரியாதவனுக்கு இங்கே இடமில்லை என்றார். “ஓம் ஓம்.” இன்னும் சிரிப்பு. சிரிப்பு ஏறினால் செந்தில்நாதனுக்குப் பிரதிகிரதி எதுவும் நினைவில் நிற்காது. குரலை உயர்த்தினார், கையை வீசினார். நான் எழுதாத வசனம் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

“இவர்களை இப்போதே தடுக்காவிட்டால் என்னாகும்? படகு படகாக வந்து இறங்குவார்கள்!”

வீசிய கை நின்ற இடம் அந்த ஒற்றை நாற்காலி.

இடப்பக்கத்திலிருந்து ஓம் வரவில்லை. மண்டபத்தில் பாதிப் பேருக்குச் சிவமணி அண்ணனைத் தெரியும். சிரிப்பு பட்டென்று நின்றது. செந்தில்நாதன் முகம் வெளுத்தது, சொன்னதை அவரே அப்போதுதான் கேட்டார் என்று தெரிந்தது. எனக்கு அவரை மேடையிலேயே போய் அறையலாம் போலிருந்தது.

ரஞ்சினிதான் சுதாரித்தாள். “ஏற்போர் ஆம் என்க.”

வலப்பக்கத்திலிருந்து ஏழெட்டு ஆம்கள் முனகலாக வந்தன.

“மறுப்போர் இல்லை என்க.”

சிவமணி அண்ணன் எழுந்து நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இல்லை.”

மெல்லிய குரல்தான். ஆனால் இல்லை. நான் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று பிறகு வர்ஷா சொன்னாள்.

“மசோதா நிறைவேறியது” என்று ரஞ்சினி எழுதிக் கொடுத்தபடி சொன்னாள்.

“இல்லை” என்றார் சிவமணி அண்ணன். இது எழுதிக் கொடுத்ததில் இல்லை.

“உறுப்பினர் உட்காரலாம்.”

“இல்லை.” குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. செந்தில்நாதன் பக்கம் திரும்பினார். “படகு படகா இல்லை ஐயா. ஒரு படகு. அம்பத்தாறு பேர். பதினெட்டு நாள். நான் அதிலதான் வந்தனான்.”

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பாலகிருஷ்ணன். பிரதமர் பதவி கிடைக்காத மந்திரி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மேடையைக் குறுக்கே கடந்து, இடப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார். அது மனசாட்சியா பழிவாங்கலா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவர் போனதும் மீசை வைத்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கவர்னர் ஜெனரலுக்கு வாக்கு கிடையாது, ஆனாலும் நித்தியானந்தன் இறகுத் தொப்பியோடு தன் நாற்காலியைத் தூக்கினார். வலப்பக்கத்தில் பிரதமர் மட்டும் மிஞ்சினார்.

ரஞ்சினி காப்பகத்துக் குரலை எடுத்தாள். “திரும்பக் கேக்கிறன். மறுப்போர்?”

இல்லை என்றது மேடை. இல்லை என்றது மண்டபம். நூற்றிருபத்தைந்து வருடம் தாமதமாக மசோதா தோற்றது.

முன்வரிசையில் கவுன்சிலர் அம்மா பொன்னாடையோடு எழுந்து கைதட்டினார். மொழிபெயர்த்துச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வர்ஷாவிடம், உண்மையிலேயே இப்படித்தான் நடந்ததா என்று கேட்டாராம். “நோ” என்றாளாம் வர்ஷா.

திரை விழுந்த பிறகு செந்தில்நாதன் வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “அண்ணே, வாய் தவறி வந்திடுச்சு. மனசுல ஒண்ணும் வச்சிக்கலையே?”

வழக்கமான சிவமணி அண்ணன் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கொஞ்சம் யோசித்தார். “கொஞ்சம் வச்சிருக்கிறன்” என்றார். “நாளைக்குப் போயிடும்.” செந்தில்நாதன் தலையாட்டிக்கொண்டு நின்றார். நான் அவரை முதல்தடவையாக நல்ல மனிதர் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து பாலகிருஷ்ணன் தன் கார் ஷெட் சுவரைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தார். “ஏலாது” என்றார் சிவமணி அண்ணன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு நானே அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது. காபி குடிக்கிறீர்களா என்றேன், இல்லை என்றார். ஹீட்டர் போடட்டுமா, இல்லை. பாட்டு கேட்கிறீர்களா, இல்லை. மனிதர் இரண்டு நாளாக வீட்டு வாசலில் வந்தவர்களையெல்லாம் இல்லை என்று விரட்டிக்கொண்டிருக்கிறாராம். நாலாவது வாக்குவம் கிளீனர்க்காரன் பயந்து ஓடியிருக்கிறான். இந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவீர்களா என்று அந்த அதிகாரிப் பெண் கேட்டு, இவர் நோ என்று சொன்னால்?

“அண்ணா, எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லக்கூடாது. கேள்வியை முழுசாக் கேட்டு, உண்மையைச் சொல்லணும்.”

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி. போட்டு வாறன்” என்று இறங்கிப் போனார்.

காரில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த எல்லா ஸ்லோகமும் சொன்னேன். பதினொன்று நாற்பதுக்கு அவர் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

“இருபதுக்கு இருபது” என்றார். “இனி ஒண்டும் குறையில்லையாம். கடிதம் வருமாம்.”

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். பிறகுதான் கவனித்தேன், அவர் கால் மிதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஜெயில் கேள்வி?”

“கேட்டவ. நோ எண்டனான்.” கொஞ்சம் நிறுத்தினார். “மேடையில சொல்லேக்க சுகமா இருந்தது தங்கச்சி. இண்டைக்கு அப்பிடி இருக்கேல்ல. பதினாலு மாசத்தையும் நானே இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

டீக் கோப்பையை நீட்டி நீட்டி நான் பழக்கிக் கொடுத்த சொல் அது. அது அவருக்குக் கிடைத்ததில் சந்தோஷம். அதை அவர் எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்க வயிற்றெரிச்சல்.

அவர் போனை எடுத்தார். வவுனியாவில் காலை ஏழு மணி தாண்டியிருந்தது. போன் திரையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ராகவி வந்தாள். பின்னால் சிவகௌரி அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பாஸ் பண்ணீட்டன் பிள்ளை. சென்னைக்கு வாறன். நீங்களும் அம்மாவும் வாங்கோ.”

பதினைந்து வயதுப் பெண் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “உண்மையாவோ?”

“ஓம்.”

“இந்த வருசமோ?”

“ஓம், ஓம்.”

“நீங்க எப்பவும் ஓம் எண்டுதானே சொல்லுறனீங்கள்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நேரமாகிறது, பள்ளிக்கூடம் போக வேண்டும் என்கிற குரலில் சொன்னாள்.

சிவமணி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? பதின்மூன்று வருடத்து ஓம்கள் அந்தப் பெண்ணிடம் இருக்கின்றன.

அவள் சும்மா, விளையாட்டுக்குப் போல் கேட்டாள். “அப்ப வரேக்க எனக்கு ஐஃபோன் வாங்கி வருவீங்களோ?”

“இல்லை” என்றார் சிவமணி அண்ணன்.

பின்னல் போட்ட கை நின்றது. ராகவி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து அவரை உற்றுப் பார்த்தாள்.

“மோட்டார் சைக்கிள்?”

“இல்லை.”

போன் கீழே விழுந்தது. வவுனியாவில் ஒரு வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. காதைப் பிளக்கிற மாதிரி ஒரு கத்தல் கேட்டது.

“அம்மா! அப்பா உண்மையாவே வாறார்!”